மிதந்த துண்டு

முதலில் கிட்டே போகக் கூடாது.
தூரத்தில் நின்று எண்ண வேண்டும்.
ஆள் வாசனை பட்டதும்
பன்றி வேறு மூச்சு விடும்.

கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் பின்னால்
கால்வாய்க் கரையில்
தகரமும் பழைய தேர்தல் பேனரும் போர்த்திய கொட்டகை.
மழை விட்டு மூன்று வாரம்.
ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் விலாவில்.
அரை நிமிஷத்துக்கு முப்பத்தொன்று.
நெஞ்சு சும்மா இருக்கிறது, அடிவயிறுதான்
உதைத்து உதைத்துக் காற்றை இழுக்கிறது.

"இன்னா டாக்டரம்மா, சினிமா பாக்குறியா?"
பெஞ்சலம்மா. இரண்டு கையிலும் ஓட்டல் கழனித்தண்ணி.
இருபத்திரண்டு உருப்படி. நேற்றிரவு போன குட்டியை
சாக்கில் சுற்றி
காசிமேட்டு ஐஸ் மேல் வைத்திருக்கிறாள்.
"மீனு கெடாம வெக்கற மாதிரிதானே"
என்கிறாள், பாராட்டு வருமுன்பே.

சுகாதார ஆய்வாளர் மூன்றாவது முறை கூப்பிடுகிறார்:
"அந்தக் காய்ச்சலா மேடம்?
அப்டின்னா மொத்தமா எடுத்துடலாம்."
எடுப்பது என்றால் அவர் அகராதியில் குழி.

எழுப்பி விட்டேன். ஒன்றையொன்று ஏறி மிதித்து ஓடின.
நின்றதும் இருமல்.
மூன்று நிமிஷத்தில் பதினாறு.
நாய் மாதிரி குந்தி உட்கார்ந்தது எதுவுமில்லை,
காது நீலமில்லை,
மூக்கில் ரத்த நுரை இல்லை.
ஒன்றுக்கு மட்டும் மூஞ்சி இடப்பக்கம் கோணல்.
"அது பொறப்பே அப்டி, அத்த வுடு."
விட்டேனா, அதையும் எழுதிக்கொண்டேன்.
தெர்மாமீட்டர் நூற்று மூன்றைத் தாண்டவில்லை.
தின்கின்றன. இருமிக்கொண்டே தின்கின்றன.

மாதவரம், பிண அறுவைக் கூடம்.
சாக்கோடு ஜீப்பில் வந்தவள்
ஜன்னலுக்கு வெளியே, கம்பியைப் பிடித்தபடி.
மண்ணீரல் கருத்து வீங்கவில்லை.
அதைப் பார்த்தபின்தான்
நான் மூச்சு விட்டேன் என்று தெரிந்தது.
நுரையீரலின் முன்மடல் ரோஸ் நிறம்.
பின்மடலின் ஓரத்தில் மட்டும்
வெளுத்து உப்பிய ஒரு கரை.
ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டேன்.
சளி கட்டியிருந்தால் கல்லீரல் மாதிரி அடியில் உட்காரும்.

மிதந்தது.

அந்த ஓரத்தை அறுத்து இரண்டு விரலால் பிதுக்கினேன்.
மூச்சுக்குழலிலிருந்து
சேமியா மாதிரி வெள்ளையாக, நெளிந்து நெளிந்து,
ஒன்று, ஏழு, எண்ணுவதை விட்டேன்.

மழைக்கு மண்புழு மேலே வரும்.
பன்றி தோண்டித் தின்னும்.
மண்புழுவுக்குள் இருந்தது
ரத்தத்தில் ஏறி நெஞ்சுக்குப் போய்க் குடியிருக்கும்.
ஜன்னலுக்குச் சொன்னேன்.

"மண்புழு வெவசாயிக்கு நண்பன்னு
எம் பொண்ணு புக்ல கீதே டாக்டரம்மா.
பன்னி மேய்க்கறவளுக்கு யாரு நண்பன்னு
எந்தப் பக்கத்துல போட்டுக்கீறாங்க?"

அந்தப் பக்கம் எனக்கும் தெரியாது.
இருபத்தொரு ஊசி போட்டேன்.
ரத்தமும் மூக்குத் துடைப்பும் ஐஸ் பெட்டியில் போயின.
புழு இருப்பதாலேயே
வைரஸ் இல்லை என்று ஆகிவிடாது.
ஆய்வாளரிடம் சொன்னேன்: நாலு நாள்.
"நாலு நாளா?" என்றார்,
நான் கடன் கேட்ட மாதிரி.

ராத்திரி பதினொன்றுக்கு போன்.
ஹலோ இல்லை, எதுவும் இல்லை.
போனை அப்படியே கொட்டகைப் பக்கம் நீட்டியிருக்கிறாள்.
படுத்தபடி எண்ணினேன். மூன்று நிமிஷத்தில் பதினான்கு.
மறுநாள் பதினெட்டு. செத்த புழு
வெளியே வர வேண்டுமே என்றேன்.
பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள்.
மூன்றாம் நாள் ஐந்து.

நான்காம் நாள் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.
போன் வந்தது.
தூரத்தில் கன்டெய்னர் லாரி பிரேக் போடுகிறது,
எங்கேயோ தகரத்தில் ஒரு சொட்டு,
கனத்த உடம்பு ஒன்று புரண்டு படுக்கிறது.
மூன்று நிமிஷம். நாலு.

"கேக்குதா?"
"ஒண்ணும் கேக்கலியே."
"அத்தான்" என்றாள்.